கம்புக்கு எதிரே நிற்பவர்

ஒரு கலையை மதிப்பிட அமர்கின்றவர் அக்கலையால் தாமும் மதிப்பிடப்படுகின்றார். இவ்வுண்மையை நாம் குருமடத்து வகுப்பறையில் கற்கவில்லை. காட்டுப்பள்ளியில், ஆலயத் திருவிழாவையொட்டி நடந்த சிலம்பப் போட்டியில் நடுவர் நாற்காலியில் அமர்ந்திருந்த ஒரு மாலைப்பொழுதில் கற்றுக்கொண்டோம். கற்பித்தவர்கள் இருவர். படகைப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டுக் கரையில் அமர்ந்துவிட்ட முதிய ஆசான் ஒருவர். பதினான்கு வயதுச் சிறுமி ஒருத்தி.

எண்ணூர்க் கழிமுகத்துக்கு வடக்கே, கிழக்கில் வங்கக்கடலும் மேற்கில் பக்கிங்காம் கால்வாயும் கொசஸ்தலை ஆற்று நீரும் சூழ்ந்திருக்க, பழவேற்காட்டை நோக்கி நீண்டு கிடக்கும் மணல்திட்டில் இருக்கிறது காட்டுப்பள்ளி. ஒரு காலத்தில் வலையும் கட்டுமரமுமே அதன் அடையாளங்கள். இன்றோ 2010-ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட, கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம், கப்பல் கட்டும் தளம், சரக்குப் பெட்டகங்கள் குவிந்த துறைமுகம் ஆகியவையே வெளியார் கண்ணுக்கு முதலில் தெரிகின்றன. துறைமுகத்துக்காக இடம்பெயர்ந்த மீனவக் குடும்பங்கள் உண்டு. கடலுக்குச் செல்லாமல் ஒப்பந்தக் கூலிகளாய் வாயிற்கதவுகளில் வரிசை நிற்கும் இளைஞர்களும் உண்டு. இத்தனைக்கும் பிறகு, அந்த மணலில் மாலை வேளைகளில் கம்பு சுழலும் ஒலி ஓயவில்லை. சிலம்புதல் என்றால் ஒலித்தல் என்று பொருள். காற்றைக் கிழிக்கும் அவ்வொலியைக் கேட்டவர்கள் அக்கலைக்கு அப்பெயர் பொருந்துவதை மறுக்கமாட்டார்கள்.

போட்டி எளியது. ஒவ்வொருவரும் முதலில் வணக்கமாகிய சலாம் வரிசையைச் செய்ய வேண்டும். பின்னர் ஆசான் கற்பித்த ஒற்றைக் கம்பு வரிசை ஒன்றைத் தனியாகச் செய்துகாட்ட வேண்டும். எதிராளி கிடையாது. அடி, வெட்டு, குத்து, தடுப்பு எல்லாம் வெற்றுவெளியில்தான். நம் கையில் கொடுக்கப்பட்ட மதிப்பெண் தாளில் ஐந்து கட்டங்கள் இருந்தன. நான்கில் ஐயமில்லை: காலடி, கம்புப் பிடி, வேகம், வரிசை பிறழாமை. ஐந்தாவது கட்டத்தில் 'தனித்தன்மை' என்று எழுதி, அதற்குப் பத்து மதிப்பெண் ஒதுக்கியிருந்தார்கள்.

அந்தப் பத்து மதிப்பெண்ணில்தான் நாம் தவறினோம்.

தவறிய கதை

முதலில் ஓர் இளைஞன் வந்தான். திரைப்படப் பாடல் ஒன்று ஒலிபெருக்கியில் எழுந்தது. பாடலின் தாளத்துக்குக் கம்பு சுழன்றது. இடையிலே கம்பை வானில் எறிந்து, ஒரு சுற்றுச் சுற்றி, மண்டியிட்டுப் பிடித்தான். பிடித்தவுடன் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்தான். கூட்டம் ஆர்ப்பரித்தது. உண்மையைச் சொன்னால் நாமும் கைதட்டினோம். தனித்தன்மைக்கு ஒன்பது மதிப்பெண் இட்டோம்.

பிறகு அந்தச் சிறுமி வந்தாள். பாட்டு இல்லை. அதே வரிசை, ஓர் அடி கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனால் இரண்டு இடங்களில் நம் எழுதுகோல் நின்றது. மற்றவர்கள் குதிகாலைத் தரையில் ஊன்றித் திருகித் திரும்பிய இடங்களில், இவள் காலைத் தூக்கி வைத்துத் திரும்பினாள். அதனால் ஓட்டம் சற்றே அறுபட்டது. இறுதி வெட்டுக்கு முன்னால் ஒரு மூச்சு நேரம் அசையாமல் நின்றாள். அடுத்த அடியை மறந்துவிட்டாள் என்றே எண்ணினோம். காலடியில் இரண்டும் வரிசையில் இரண்டும் குறைத்து, தனித்தன்மைக்கு நான்கு இட்டு, தாளை மடித்தோம். முதற்பரிசு இளைஞனுக்குப் போயிற்று. சிறுமிக்கு ஆறுதல் பரிசும் இல்லை.

பரிசளிப்பு முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் ஆசான் அருகில் வந்து அமர்ந்தார். பரிசு பெற்றவனும் பெறாதவளும் அவருக்கு மாணாக்கர்களே. குறை சொல்ல வந்தவர்போல் அவர் தோன்றவில்லை. "சாமி, அந்தப் பொண்ணு காலைத் தூக்கி வெச்சதுக்கு மார்க்கைக் கொறச்சீங்களா?" என்றார். ஆம் என்றோம். "எங்க பழக்கம் மணல்ல. மணல்ல காலை ஊனித் திருகுனா முட்டி பூடும். தூக்கி வெச்சாத்தான் நிக்கலாம். என் ஆசானும் அப்படித்தான் சொல்லிக் குடுத்தாரு. மத்த பசங்க பள்ளிக்கூடத்து சிமிட்டித் தரையில பழகுறானுங்க, அதான் திருகுறானுங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.

நாம் பிழை என்று குறித்தது, பல தலைமுறைகளாக அந்த மணல் அம்மக்களின் கால்களில் எழுதிய எழுத்து. மேடையில் விரித்த பலகையின்மேல் நின்றபோதும் அச்சிறுமியின் கால் மணலை மறக்கவில்லை.

அடுத்து அவளையே அழைத்துக் கேட்டோம். "கடைசி வெட்டுக்கு முன்னாலே ஏன் அம்மா நின்றுவிட்டாய்? மறந்துபோயிற்றா?" அவள் வியப்போடு நம்மைப் பார்த்தாள். "இல்ல ஃபாதர். அங்க ஒரு ஆள் நிக்கிறான் இல்ல? அவன் கம்பை ஓங்கட்டும்னு இருந்தேன். அவன் ஓங்காம நான் எப்படி வெட்றது?"

கட்டுரையின் பொருள் முழுவதும் அந்த விடையில் அடங்கியுள்ளது. எனினும் அதன் நியாயத்தைச் சற்று விரித்துப் பார்ப்பது நடுவராய் அமர்ந்து தவறிய நமது கடமை.

வரிசை என்பது யாது?

வரிசை என்றால் முன்னோர் முறைப்படுத்தித் தந்த அசைவுகளின் கோவை. சிலம்பத்தில் காலடி முதலில், கம்பு பிறகு. தன் நெற்றி அளவுக்கு உயர்ந்த கம்பைக் கையில் தருவதற்கு முன் பல நாள்கள் வெறுங்காலைப் பழக்குவது ஆசான்மாரின் மரபு. கேரளத்துக் களரியில் இதற்கு இணையாக மெய்ப்பயற்று உண்டு. சப்பானியரின் கராத்தேயில் கட்டா உண்டு. நாடுகள் வேறாயினும் அமைப்பு ஒன்றே: தனி ஒருவர், வகுத்த வழியில், இல்லாத எதிராளியோடு பொருதுகிறார்.

இங்கே ஒரு கேள்வி இயல்பாகவே எழும். அசைவு ஒவ்வொன்றும் முன்னரே வகுக்கப்பட்டுவிட்டதென்றால், செய்கின்றவருக்கு அதில் என்ன இடம்? அச்சில் வார்த்த பொம்மைகளாகத்தானே எல்லாரும் இருக்க முடியும்? தன்னை வெளிப்படுத்த வேண்டுமானால் எதையாவது சேர்க்கவோ மாற்றவோ வேண்டாமா? போட்டி அமைப்பாளர்கள் 'தனித்தன்மை' என்ற கட்டத்தைச் சேர்த்ததும், அந்த இளைஞன் கம்பை வானில் எறிந்ததும், நாம் ஒன்பது மதிப்பெண் இட்டதும் இந்த எண்ணத்தால்தான். வெளிப்பாடு என்பது வரிசையின் மேல் பூசப்படும் பூச்சு என்று மூவரும் நம்பினோம்.

நம் தமிழ் இலக்கணம் அப்படி நம்பவில்லை. தொல்காப்பியர் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டுக்கென ஓர் இயலே வகுத்தார். உள்ளத்தில் நிகழ்வது காண்போர் அறியுமாறு மெய்யில் தோன்றுவது மெய்ப்பாடு. 'தோன்றுவது' என்பதை நாம் ஊன்றி நோக்க வேண்டும். அது வருவிக்கப்படுவதில்லை, உள்ளே ஒன்று நிகழ்ந்தால் தானே வருவது. எட்டு மெய்ப்பாடுகளுள் பெருமிதமும் ஒன்று. அது பிறக்கும் நிலைக்களன்களாகக் கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என நான்கைத் தொல்காப்பியர் எண்ணுகிறார். கல்வி முதலில் நிற்கிறது. வீரனின் மெய்யில் பெருமிதம் தோன்ற வேண்டுமானால் முதலில் அவன் கற்றிருக்க வேண்டும். பின்பு அஞ்சாதிருக்க வேண்டும். எதிரே ஒருவர் இல்லாதபோது அஞ்சாமைக்கு என்ன பொருள்? ஆகவே எதிராளியை உள்ளத்தில் காணாதவரின் வரிசையில் பெருமிதம் பிறப்பது அரிது. அச்சிறுமி தொல்காப்பியத்தைப் படித்தவள் அல்லள். ஆனாலும் ஒரு மூச்சு நேரம் அவள் நின்ற நிலையில் இருந்தது அதுவே.

மூன்று காட்சிகள்

இந்த அளவுகோலைக் கையில் எடுத்துக்கொண்டு, நம் மக்கள் நன்கறிந்த சில காட்சிகளைப் பார்ப்போம்.

1971-இல் வெளிவந்த 'ரிக்‌ஷாக்காரன்' படத்தில் எம்.ஜி.ஆர். ரிக்‌ஷாவில் இருந்தபடியே கம்பு சுழற்றிப் பலரை எதிர்கொள்ளும் காட்சி, தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் பல்லாயிரம் இளைஞர்கள் கையில் கம்பை எடுக்கக் காரணமாயிற்று. அந்தப் படத்துக்காக அவர் இந்திய அரசின் சிறந்த நடிகர் விருதையும் பெற்றார். அவருடைய கம்பு வீச்சில் பயிற்சி உண்டு, ஐயமில்லை. ஆயினும் அக்காட்சியின் உயிர் அவருடைய முகத்தில் இருக்கிறது. அந்த முகம் அடியாட்களுக்காக மலரவில்லை. அரங்கில் அமர்ந்திருக்கும் நமக்காக மலர்கிறது. திரைப்படத்துக்கு அது பொருந்தும். நடிகர் பேச வேண்டியது நம்மோடுதான். ஆனால் அந்த மலர்ச்சியைக் கடன் வாங்கி வரிசையில் சேர்க்கின்றவர், எதிராளியை விட்டுக் கூட்டத்தின் பக்கம் திரும்பிவிடுகிறார். எதிராளி உண்மையில் அங்கே நின்றிருந்தால், அந்த நொடியில் தலையில் அடி விழுந்திருக்கும்.

இரண்டாவது காட்சி நம் வடசென்னைக்கே உரியது. 1970-களின் குத்துச்சண்டைப் பரம்பரைகளைப் பற்றி இயக்குநர் பா. இரஞ்சித் எடுத்து 2021-இல் வெளிவந்த 'சார்பட்டா பரம்பரை' படத்தில், நடிகர் சபீர் கல்லரக்கல் ஏற்ற 'டான்சிங் ரோஸ்' என்னும் வீரரை மறந்தவர் இரார். குத்துச்சண்டையில் சிலம்பத்தைப் போன்ற வரிசை இல்லை. என்றாலும் நிற்கும் நிலைக்கும் காலடிக்கும் அங்கும் முறை உண்டு. ரோஸ் அந்த முறையையே ஆட்டமாக்கிவிடுகிறார். வளைகிறார், நெளிகிறார், கைகளைத் தொங்கவிட்டுத் துள்ளுகிறார். மேலோட்டமாகப் பார்த்தால் நம் திருவிழா இளைஞனின் அலங்காரமும் இவருடைய அலங்காரமும் ஒன்றுபோல் தோன்றலாம். அவருடைய கண்ணைக் கவனியுங்கள். அது கூட்டத்தைத் தேடுவதில்லை. கபிலன் என்னும் எதிராளியை விட்டு விலகுவதில்லை. ஒவ்வொரு துள்ளலும் எதிரே நிற்பவனின் கணிப்பைக் கலைப்பதற்காகப் பிறக்கிறது. அலங்காரம் குற்றமில்லை என்பதற்கு அவரே சான்று. யாரைப் பார்த்து அலங்கரிக்கிறோம் என்பதே கேள்வி.

மூன்றாவது, போர்க்கலையிலிருந்து எதிராளியையே அகற்றிவிட்ட ஒருவரின் முயற்சி. சென்னையில் வாழ்ந்து 2006-இல் மறைந்த நடனக் கலைஞர் சந்திரலேகா, காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் பரதம் கற்றவர். 1985-இல் அவர் படைத்த 'அங்கிகா' என்னும் ஆக்கத்தில் பரதமும் யோகமும் களரியும் ஒரே மேடைக்கு வந்தன. 2001-இல் அவர் அமைத்த 'சரீரா'விலும் களரியில் தேர்ந்த ஒருவர் பங்கேற்றார். போருக்குப் பிறந்த அசைவைப் போரிலிருந்து பிரித்து, அதன் வேகத்தைக் குறைத்து, முதுகெலும்பும் தரையும் ஒன்றோடொன்று பேசும் பேச்சாக அவர் மாற்றினார். இவருக்கும் நம் இளைஞனைப் போல் எதிராளி இல்லையே என்று வாசகர் கேட்கலாம். இல்லைதான். ஆனால் அந்த இடத்தை அவர் கைதட்டலுக்குக் கொடுத்துவிடவில்லை. புவியின் ஈர்ப்பை, தன் உடலின் எடையை, மூச்சை அங்கே நிறுத்தினார். தன்னைக் காட்டுவதைவிடப் பெரிய ஒன்றின்மேல் அவருடைய கவனம் நிலைத்திருந்தது. ஆகவே அந்த மாற்றம் சிதைவாகாமல் வேறொரு கலையாகப் பிறந்தது. அதற்கு அவர் வேறொரு பெயரும் கொடுத்தார். வரிசை என்று சொல்லிக்கொள்ளவில்லை. இந்த நேர்மையும் போற்றத்தக்கதே.

மதிப்பெண் தாளின் நன்மையும் எல்லையும்

சிலம்பத்துக்கு மதிப்பெண் போடுவதே தவறு என்று சிலர் கூறுவர். அக்கருத்தோடு நாம் உடன்படவில்லை. 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளையோர் விளையாட்டுப் போட்டியில் சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்றது. அரசு வேலைகளுக்கான விளையாட்டு ஒதுக்கீட்டிலும் அது இடம் பெற்றுள்ளது. துறைமுக வாயிலில் கூலிக்கு நிற்கும் ஒருவரின் மகளுக்கு ஒரு சான்றிதழ் எத்தகைய கதவைத் திறக்கக்கூடும் என்பதைப் பங்குப் பணியில் இருக்கும் நாம் அறிவோம். சான்றிதழ் வேண்டுமானால் பொது அளவுகோல் வேண்டும். பொது அளவுகோல் வேண்டுமானால் ஊருக்கு ஊர் மாறும் காலடியை ஓரளவேனும் ஒழுங்குபடுத்தத்தான் வேண்டும்.

எனினும் உலகம் இதில் என்ன செய்தது என்று பார்ப்பது பயன் தரும். 2021 ஆகஸ்டில் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தேயின் கட்டா முதன்முறையாகப் பதக்கப் போட்டியாயிற்று. 2024 பாரிசு ஒலிம்பிக்கில் அது தொடரவில்லை. டோக்கியோவில் போட்டியாளர்கள் அனுமதிக்கப்பட்ட 102 கட்டாக்களின் பட்டியலிலிருந்தே தெரிவு செய்ய வேண்டும் என்பது விதி. அப்போதைய முறைப்படி நுட்பத்துக்கு நூற்றுக்கு 70, உடல்திறனுக்கு 30 என மதிப்பெண் பகுக்கப்பட்டது. தனித்தன்மை என்று ஒரு கட்டம் அதில் இல்லை! ஆயினும் பெண்கள் பிரிவில் தங்கம் வென்ற ஸ்பெயின் நாட்டு சான்ட்ரா சாஞ்செசின் கட்டாவையும், ஆண்கள் பிரிவில் வென்ற ஒகினாவாவின் ரியோ கியூனாவின் கட்டாவையும் கண்டவர்கள் ஒருவரை மற்றவராக எண்ணமாட்டார்கள். சாஞ்செசுக்கு அப்போது வயது 39. கட்டளையிட்டு வரவழைக்காத தனித்தன்மை, ஆண்டுகள் பலவாகப் பழகிய உடலில் கேளாமலே வந்து அமர்ந்திருந்தது.

இன்னொன்றும் உண்டு. உலகக் கராத்தேக் கூட்டமைப்பின் போட்டிகளில் குழுக்களாகக் கட்டா செய்வோர், பதக்கச் சுற்றில் அதன் பொருளையும் விளக்கிக் காட்ட வேண்டும். வெற்றுவெளியில் செய்த அடியையும் தடுப்பையும் தம் குழுவினரையே எதிராளியாக நிறுத்திச் செய்துகாட்ட வேண்டும். அதாவது, நீ வெட்டியபோது அங்கே நின்றவர் யார் என்று விதியே கேட்கிறது. காட்டுப்பள்ளிச் சிறுமியின் விடைக்கும் இந்த விதிக்கும் இடையே உள்ள ஒற்றுமையை எண்ணி வியந்தோம்.

ஒரு மறுப்பும் அதற்கு விடையும்

வரிசைப் பயிற்சியே வீண் என்று வாதிட்டவரும் உண்டு. புரூஸ் லீ அவர்களுள் முதன்மையானவர். 1973-இல் தம் 32-ஆம் வயதில் மறைந்த அவருடைய சுவரொட்டிகள் ஒரு காலத்தில் நம் இளைஞர்களின் அறைகளை அலங்கரித்தன. வகுத்த வரிசைகளையே செய்துகொண்டிருப்பது, நீரில் இறங்காமல் தரையில் படுத்து நீந்தப் பழகுவதைப் போன்றது என்பது அவர் கருத்து. உயிருள்ள எதிராளி முன்னரே எழுதி வைத்தபடி தாக்கமாட்டான் அல்லவா? வரிசைக்கு அடிமையானவன் தன்னையே இழக்கிறான் என்று அவர் எச்சரித்தார்.

இந்த மறுப்பில் பெரும்பகுதி உண்மை. எதிராளியை மறந்து செய்யப்படும் வரிசை தரையில் நீந்துவதே. பரிசு பெற்ற வரிசைகள் பலவும் அப்படிப்பட்டவையே. ஆனால் நம் மீனவ மக்களிடம் ஒரு விடை உண்டு. வலையைக் கடலில் வைத்துப் பின்னுவாரில்லை. கரையில் அமர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மீனின் அளவை மனத்தில் வைத்து, கண்ணி கண்ணியாக முடிகிறார்கள். இறாலுக்கு ஒரு கண்ணி, மடவைக்கு ஒரு கண்ணி. மீன் எதிரே இல்லை; ஆனாலும் பின்னுகிறவரின் விரல் மீனை அறியும். அந்த அறிவோடு முடியப்படும் வலை கடலில் தன் வேலையைச் செய்யும். மீனை நினையாமல் அழகுக்காக முடியப்பட்ட வலை சுவரில் தொங்கும். வரிசையும் கரையில் பின்னப்படும் வலையே.

நம் பீடத்தின் முன்

இந்தக் கட்டுரையை இங்கே முடித்திருக்கலாம். ஆனால் அச்சிறுமியின் விடை நம் தூக்கத்தைக் கலைத்தது கலைகளைப் பற்றிய சிந்தனையால் மட்டும் அன்று.

குருவாகிய நாமும் நாள்தோறும் ஒரு வரிசையைச் செய்கிறவர்களே. திருப்பலியின் சொற்களை நாம் எழுதவில்லை. கைகளை எப்போது விரிப்பது, எப்போது குவிப்பது, எப்போது பணிவது எல்லாம் வகுத்துத் தரப்பட்டவை. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, குருவேயானாலும் எவரும் தம் விருப்பப்படி அதில் எதையும் கூட்டவோ குறைக்கவோ மாற்றவோ கூடாது என்கிறது. அதே ஏடு, சட்டங்களைக் கடைப்பிடிப்பது மட்டும் போதாது, மக்கள் உணர்ந்து முழுமையாய்ப் பங்கேற்க வேண்டும் என்றும் சொல்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே நாம் முப்பது ஆண்டுகளாக நடந்து வந்திருக்கிறோம்.

இளங்குருவாய் இருந்தபோது கம்பை வானில் எறிந்த இளைஞனைப் போல் நாமும் செய்ததுண்டு. குரலை ஏற்றி இறக்கினோம், நகைச்சுவை சேர்த்தோம், மக்கள் முகம் மலர்கிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தோம். நடுவயதில் மறுபக்கம் சாய்ந்தோம். ஒரே நாளில் மூன்று திருப்பலிகள், இரண்டு அடக்கச் சடங்குகள். வரிசை பிறழாது, ஆனால் எதிரே எவரும் இல்லை. இரண்டும் ஒரே நோய்தான் என்று இப்போது தோன்றுகிறது. முன்னதில் எதிரே இருப்பவரை மறந்து கூட்டத்தைப் பார்த்தோம். பின்னதில் எதிரே இருப்பவரை மறந்து கடிகாரத்தைப் பார்த்தோம். 'அவன் ஓங்காம நான் எப்படி வெட்றது' என்று ஒரு சிறுமி கேட்கிறாள். அவர் பேசும்வரை காத்திராமல் நாம் எத்தனை முறை ஆமென் சொல்லி முடித்திருக்கிறோம்!

பிறகு நடந்தது

அன்று மாலையே அச்சிறுமியிடமும் ஆசானிடமும் நம் தவற்றை ஒப்புக்கொண்டோம். அறிவித்த பரிசைத் திரும்பப் பெறுவது அந்த இளைஞனுக்குச் செய்யும் அநீதியாகும். அவன் தவறு செய்யவில்லை. நாம் கேட்டதைக் கொடுத்தான். கம்பை வானில் எறிந்து குறி தவறாமல் பிடிக்க அவன் எத்தனை மாலைகள் உழைத்திருப்பான் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். சிறுமியிடம் மன்னிப்புக் கேட்டபோது அவள் கூச்சத்தோடு, "பரவால்ல ஃபாதர், அவன் நல்லாத்தான் சுத்துனான்" என்றாள். எதிரே நிற்பவரைக் காணப் பழகிய கண்ணுக்கு, போட்டியாளனின் நன்மையும் தெரிந்திருந்தது.

ஆசானுக்கு வேறொரு கவலை இருந்தது. மாவட்டப் போட்டிகள் விரிப்பின்மேல் நடக்கின்றன. அங்கே காலைத் தூக்கி வைத்தால் நம்மைப் போன்ற நடுவர்கள் மதிப்பெண்ணைக் குறைப்பார்கள். ஆகவே அவளுக்குத் திருகித் திரும்பவும் கற்றுத்தர வேண்டியிருக்கிறது. கற்றுத்தந்தால் மணலின் காலடி அவளோடு முடிந்துவிடுமோ என்று அஞ்சுகிறார். "ரெண்டையும் குடுத்துடலாம்னு பாக்குறேன் சாமி. விரிப்புல விரிப்புக்கு ஏத்த மாதிரி, மணல்ல மணலுக்கு ஏத்த மாதிரி. எதிர்ல இருக்குற ஆள் மட்டும் மாறக் கூடாது" என்றார். ஒரு மரபைக் காப்பது பற்றி இதைவிடத் தெளிவான சொல்லை நாம் நூல்களில் கண்டதில்லை.

அடுத்த ஆண்டுத் திருவிழாவிலும் நடுவராக அழைத்தார்கள். போக முதலில் தயங்கினோம். பிறகு ஒரு வேண்டுகோளோடு ஒப்புக்கொண்டோம். மதிப்பெண் தாளில் 'தனித்தன்மை' என்ற சொல்லை அடித்துவிட்டு, அந்தக் கட்டத்தில் வேறொரு கேள்வியை எழுதச் சொன்னோம்: 'எதிராளி நமக்குத் தெரிந்தாரா?' அமைப்பாளர்கள் சிரித்தார்கள், ஆனால் எழுதிவிட்டார்கள். போட்டி தொடங்குமுன் ஆசான் அதைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினார். ஒலிபெருக்கி அணைக்கப்பட்டது. முதலாவதாகக் கம்பை எடுத்தவன் முந்திய ஆண்டில் பரிசு பெற்ற அதே இளைஞன். வணங்கி எழுந்தவன் உடனே சுழற்றத் தொடங்கவில்லை. எதிரே இருந்த வெற்று மணலைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தான். அவன் அங்கே யாரைக் கண்டானோ, நாம் அறியோம். கூட்டமும் கைதட்டாமல் அந்த இடத்தையே பார்த்தது. அன்பு வாசகரே, ஒன்பது மதிப்பெண்ணை அன்றுதான் நாம் உரிய இடத்தில் இட்டோம்.